வக்கீல் வந்துவிட்டார், கட்சிக்காரர் எங்கே?

அமெரிக்காவில் குழந்தைகளுக்காக வாதாடும் சங்கங்கள் பல உண்டு. வாஷிங்டனிலும் மாநிலத் தலைநகர்களிலும் அவை அலுவலகம் வைத்திருக்கின்றன. லாபம் கருதாத தர்ம ஸ்தாபனங்கள் என்று சர்க்காரிடம் வரிவிலக்குப் பெற்றவை. குழந்தைகளுக்காக மனுக் கொடுப்பது, கணக்குக் காட்டுவது, மசோதாவைப் படித்து ஓட்டை எங்கே இருக்கிறதென்று சொல்வது, இவையே அவற்றின் வேலை. இந்தச் சங்கங்களில் ‘சுகாதாரக் கொள்கை இயக்குநர்’ என்று ஒரு பதவி இருக்கிறது. அந்த நாற்காலிக்குப் புதிதாக ஒருவர் வந்து அமரும்போது அறிக்கை வெளியாகும். இன்னார் எங்களோடு சேர்ந்துவிட்டார், இத்தனை வருஷ அனுபவம், இன்ன சர்வகலாசாலைப் பட்டம், இனிக் குழந்தைகளின் குரல் வாஷிங்டனில் ஓங்கி ஒலிக்கும் என்று அதில் எழுதியிருக்கும்.

பஞ்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த தோழர் இதைப் படித்தால் சிரிக்கத்தான் செய்வார். ‘பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும். கொள்கைக்கு இயக்குநர் எதற்கு?’ என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது என்பது நம் கருத்து. உலகத்திலேயே பணக்கார நாட்டில் ஏழைக் குழந்தையின் உயிர் ஒரு காகிதத்தில் தொங்குகிறது. அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.

முதலில் அந்தக் காகிதம் என்னவென்று பார்ப்போம். அமெரிக்காவில் வைத்தியம் என்பது விலைக்கு விற்கும் சரக்கு. இன்ஷூரன்ஸ் இல்லாதவன் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் கடனாளியாகத்தான் வெளியே வருவான். ஏழைகளுக்கென்று 1965 ஜூலையில் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்ட திட்டம் மெடிக்கெய்ட். மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும் திட்டம் அது. மெடிக்கெய்டுக்குத் தகுதி பெறும் அளவுக்கு ஏழை அல்ல, இன்ஷூரன்ஸ் வாங்கும் அளவுக்கு வசதியும் இல்லை என்ற நிலையிலுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1997-ல் ‘சிப்’ என்ற இன்னொரு திட்டம் வந்தது. இந்த இரண்டையும் நம்பி மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் இருக்கின்றனர். அந்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 100-க்குச் சுமார் 40 மெடிக்கெய்டின் செலவில் நடப்பவை. டாலர் தேசம், ராக்கெட் தேசம் என்று புகழப்படும் நாட்டின் நிலைமை இது!

அந்தச் சர்க்காருக்கு ஏழைப் பிள்ளையின்மேல் இந்த அக்கறை எப்படிப் பிறந்தது? 1964 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வயதை எட்டிய வாலிபர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பட்டாளத்துக்கு லாயக்கில்லை, அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் உடல்நலக் குறைவால் தள்ளப்படுகிறார்கள் என்று அது சொன்னது. பல்லும் கண்ணும் காதும் எலும்பும் சிறு வயதிலேயே கவனிக்கப்படாமல் கெட்டுப்போயிருந்தன. 1967-ல், வியட்நாம் யுத்தம் கொழுந்துவிட்டு எரிந்த நாளில், மெடிக்கெய்டில் சேர்ந்த ஒவ்வொரு குழந்தையையும் காலாகாலத்தில் பரிசோதித்துக் கண்ட நோய்க்குச் சிகிச்சையும் அளிக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. விதி நல்ல விதி. அதன் பின்னால் பட்டாளத்துக் கணக்கும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

விதி ஏட்டில் இருந்தால் போதுமா? 2007 பிப்ரவரியில், வாஷிங்டனை ஒட்டியுள்ள மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனுக்குப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும். பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. சீழின் விஷம் மூளைக்கு ஏறிற்று. இரண்டு முறை மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஆறு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். செலவு இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டிற்று. பிள்ளை பிழைக்கவில்லை.

அமெரிக்காவில் பல் டாக்டர்களுக்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் மெடிக்கெய்ட் கொடுக்கும் கட்டணம் குறைவு என்று பலர் அந்தச் சீட்டைக் கையால் தொடுவதில்லை. இது போதாதென்று, அந்தக் குடும்பம் சொந்த வீடு வாசல் இல்லாமல் இடம் மாறிக்கொண்டிருந்ததில் சீட்டின் காலமும் முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் தபால் அவர்கள் காலி செய்துவிட்ட விடுதிக்குப் போயிற்று போலும்.

நம் மில் தொழிலாளருக்கு இது விளங்காத விஷயமல்ல. இ.எஸ்.ஐ. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதலாளி சந்தா கட்டவில்லை என்ற பதிலைக் கேட்டு டிஸ்பென்சரியிலிருந்து திரும்பியவர்கள் நம்மிடையே உண்டு. விவசாயத் தொழிலாளருக்கோ அந்தச் சீட்டே கிடையாது.

மேரிலாந்துச் சிறுவன் இறந்தபின் என்ன நடந்தது என்பதுதான் நம் இயக்குநர் விஷயத்துக்கு முக்கியம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது. (அதற்குப் பெயர் காங்கிரஸ், நம் ஊர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) குழந்தைகளுக்காக வாதாடுவோர் கணக்கும் கையுமாக அங்கே நின்றார்கள். 2009-ல் ‘சிப்’ திட்டத்தைப் புதுப்பித்த சட்டத்தில் பல் வைத்தியம் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குமுன் ஒரு மாநில சர்க்கார் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்ற நிலை. ஒரு வரி மாறிற்று, பல லட்சம் பிள்ளைகளுக்குப் பல் டாக்டர் கிடைத்தார். அந்த வரியை எழுதத் தெரிந்தவர், எழுதியது கமிட்டி அறையில் களவுபோகாமல் காவல் காக்கத் தெரிந்தவர், தேவையா இல்லையா? தேவைதான். அந்த மட்டில் புதிய இயக்குநரை நாமும் வரவேற்போம்.

ஆனால் அறிக்கையில் வராத இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சொல்ல நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

புளோரன்ஸ் கெல்லி என்ற அம்மையாரை நம் தோழர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எங்கெல்ஸ் எழுதிய ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை’ என்ற நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவர்தான். 1887-ல் அது நியூயார்க்கில் வெளியாயிற்று. எங்கெல்ஸோடு கடிதப் போக்குவரத்தும் வைத்திருந்தார். தகப்பனார் காங்கிரஸ் உறுப்பினர், மகளோ சோஷலிஸ்ட். 1893-ல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டராக நியமிக்கப்பட்டார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சிகாகோவில் பெரியம்மை பரவிற்று. அம்மை கண்ட வீடுகளிலேயே, நோயாளிப் பிள்ளை கிடக்கும் அறையிலேயே, முதலாளிகளுக்காகக் கோட்டும் சட்டையும் தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடுகளின் படிகளில் ஏறி இறங்கி, அங்கே தைத்த துணிகளைப் பிடித்து அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டார் கெல்லி.

1903-ல் கெல்லியும் அவருடைய தோழியான லில்லியன் வால்ட் என்ற நர்ஸம்மையாரும் ஒரு கேள்வி கேட்டார்கள். தெற்கே பருத்திக் காயில் வண்டு விழுந்தால் சேதத்தைப் பார்க்க மந்திரியே புறப்பட்டுப் போகிறார். குழந்தைகள் சாவதைக் கணக்கெடுக்க மட்டும் சர்க்காரில் ஏன் ஓர் ஆள்கூட இல்லை? இந்தக் கேள்விக்குப் பதில் வர ஒன்பது வருஷம் ஆயிற்று. 1912-ல் குழந்தைகள் இலாகா ஏற்பட்டது. ஜூலியா லேத்ராப் அதன் முதல் தலைவர். குழந்தைகளின் ஆரோக்கியத்துக்கென்று அந்நாட்டில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் அதிகாரி அவர்தான்.

உட்கார்ந்தவர் என்ன செய்தார்? டாக்டர்கள் மாநாடு கூட்டவில்லை. பென்ஸில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்ற இரும்பாலை ஊருக்குப் பெண்களை அனுப்பினார். 1911-ல் அங்கே பிறந்த குழந்தைகளின் வீடுகளைத் தேடிக் கதவு கதவாகத் தட்டி விசாரித்தார்கள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 134 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. யார் வீட்டுக் குழந்தைகள்? அதையும் எழுதிவைத்தார்கள். தகப்பனின் கூலி இறங்க இறங்கச் சாவு ஏறிற்று. மிகக் குறைந்த கூலிக்காரர் வீடுகளில் நல்ல வருமானமுள்ள வீடுகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் குழந்தைகள் செத்தன. தாய்க்கு அறிவு போதாது, சுத்தம் போதாது என்று உபதேசம் செய்துகொண்டிருந்த பெரிய மனிதர்களுக்கு இந்தக் கணக்குக் கசந்தது. நமக்குக் கசக்காது. ஆலைக் காம்பவுண்டு லைன் வீட்டிலும் சேரிக் குடிசையிலும் நாம் கண்ணால் பார்த்த கணக்குத்தான் இது.

1920-ல் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது. மறுவருஷமே, 1921 நவம்பரில், தாய் சேய் நலத்துக்கு மாநிலங்களுக்கு மானியம் கொடுக்கும் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் நிறைவேறிற்று. என்ன அவசரம்? கோடிக்கணக்கான பெண்கள் சேர்ந்து எந்தப் பக்கம் வாக்களிப்பார்களோ என்று அங்கத்தினர்களுக்கு நடுக்கம்! சட்டம் வந்ததும் கிராமங்களுக்கு நர்ஸுகள் போனார்கள். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்க நிலையங்கள் திறந்தன. அமெரிக்க வைத்தியர் சங்கம் இதை எதிர்த்தது. இது சோஷலிஸம், வெளிநாட்டுச் சரக்கு என்று கூச்சலிட்டது. அந்தச் சங்கத்துக்குள்ளேயே இருந்த குழந்தை வைத்தியர்கள் சட்டத்தை ஆதரித்தார்கள். தலைமை அவர்களைக் கண்டித்தது. பின்னால் 1930-ல் குழந்தை வைத்தியர்கள் தனிச் சங்கம் கண்டதற்கு இந்தத் தகராறும் ஒரு காரணம். 1926-ல் கெல்லியும் லேத்ராப்பும் மாஸ்கோவின் கையாட்கள் என்ற பாணியில் எழுதிய ஒரு மனு செனட் சபையின் நடவடிக்கைக் குறிப்பிலேயே ஏறிற்று. தாய்ப்பால் கொடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லும் நர்ஸ்கூட அவர்கள் கண்ணுக்குப் போல்ஷ்விக்!

இதற்குள் அங்கத்தினர்களின் நடுக்கம் தணிந்துவிட்டது. பெண்கள் ஒரே கூட்டமாக நின்று வாக்களிக்கவில்லை என்று தெரிந்துகொண்டார்கள். 1929-ல் சட்டம் காலாவதியாக விடப்பட்டது. நிபுணர்கள் அதே மேஜையில்தான் இருந்தார்கள். அதே புள்ளிவிவரங்கள்தான் இருந்தன. ஜான்ஸ்டவுன் கணக்கில் ஒரு எண்கூட மாறவில்லை. பயம் ஒன்றுதான் போயிற்று. பயம் போனதும் சட்டமும் போயிற்று.

தாய் சேய் மானியம் திரும்பி வந்தது 1935-ல், சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக. அதற்கு முந்தின வருஷம் அமெரிக்கா கண்டது என்ன? சான்பிரான்ஸிஸ்கோவில் துறைமுகம் நின்றது. மின்னியாபோலிஸில் லாரிகள் நின்றன. செப்டம்பரில் பஞ்சாலைத் தொழிலாளர் சுமார் நான்கு லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பஞ்சாலை வேலைநிறுத்தம் தோற்றது உண்மை. ஆனால் நாடு அசைந்த அசைவில் அங்கத்தினர்களுக்குப் பழைய நடுக்கம் திரும்பிற்று என்று நாம் சொன்னால் மறுப்பவர் யார்?

இன்றைய இயக்குநருக்கு வருவோம். அவர் அறிவாளியாக இருக்கலாம், நல்ல மனதுக்காரராகவும் இருக்கலாம். அவருடைய வாயில் ஒரு பூட்டு இருப்பதை அறிக்கை சொல்லாது. வரிவிலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனம் தேர்தலில் எவரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது 1954-ல் வந்த சட்டம். அதைக் கொண்டுவந்தவர் அப்போது செனட்டராக இருந்த அதே ஜான்ஸன், பதினோரு வருஷம் கழித்து மெடிக்கெய்டில் கையெழுத்திட்டவர்! சட்டசபையில் ஆதரவு திரட்டுவதற்கும் அந்த ஸ்தாபனங்களுக்கு அளவு உண்டு. ஆகவே ‘இந்த மசோதா வந்தால் குழந்தைகளின் வைத்தியம் போகும்’ என்று இயக்குநர் சொல்லலாம். ‘இதற்குக் கை தூக்கியவனைத் தோற்கடியுங்கள்’ என்று சொன்னால் வரிவிலக்கு போய்விடும். போதாக்குறைக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் செல்வர்களின் அறக்கட்டளைகளிலிருந்தும் நன்கொடைகளிலிருந்தும் வருகிறது. நன்கொடை தருபவர் குழந்தைக்கு ஊசி போடச் சொல்வார். அதன் தகப்பனுக்குக் கூலி உயர்த்தச் சொல்வாரா?

எல்லோரும் அப்படியே என்று ஒரே கோலால் அடிக்கவும் நாம் தயாரில்லை. 1973-ல் ‘குழந்தைகள் பாதுகாப்பு நிதியம்’ என்ற ஸ்தாபனத்தைத் தோற்றுவித்த மரியன் ரைட் எடெல்மன் நீக்ரோ மக்களின் உரிமைப் போராட்டத்திலிருந்து வந்தவர் (அந்தக் காலச் சொல் அது; இன்று கறுப்பின மக்கள் என்று சொல்வதே சரி). மிஸிஸிப்பி மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு பெற்ற முதல் கறுப்பினப் பெண். மார்ட்டின் லூதர் கிங் திட்டமிட்ட 1968 ஏழை மக்கள் இயக்கத்தில் சட்ட ஆலோசகராக இருந்தவர். 1997-ல் ‘சிப்’ திட்டம் வர அவருடைய ஸ்தாபனமும் பாடுபட்டது. இப்படிப்பட்டவர் அந்த நாற்காலியில் அமர்ந்தால், பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது என்பது எதிரே இருப்பவனுக்குத் தெரியும்.

கூட்டம் இல்லாத வக்கீலுக்கு என்ன ஆகும் என்பதை 2017 காட்டிற்று. செப்டம்பர் 30-ம் தேதி ‘சிப்’ திட்டத்தின் நிதி காலாவதியாயிற்று. ஸ்தாபனங்கள் எல்லாம் மனுக் கொடுத்தன, கணக்குக் காட்டின. சில மாநிலங்கள் பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பின. காங்கிரஸுக்கு நேரமில்லையாம். என்ன வேலையாக இருந்தார்கள்? கம்பெனிகளின் வருமான வரியை 100-க்கு 35-லிருந்து 21-ஆகக் குறைக்கும் மசோதாவில் மும்முரமாக இருந்தார்கள். அது டிசம்பர் 22-ம் தேதி கையெழுத்தாயிற்று. பிள்ளைகளின் திட்டம் புதுப்பிக்கப்பட்டது 2018 ஜனவரி 22-ம் தேதி. 114 நாள் அந்தப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள்.

இனி இதற்கு எதிர்ப்பக்கம். 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபரில் சிகாகோ ஆசிரியர்கள் பதினோரு பள்ளி நாட்கள் செய்தார்கள். பள்ளி ஊழியர்களின் யூனியனும் சேர்ந்து இறங்கிற்று. சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்டார்கள். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ நர்ஸ் வந்து போகும் பள்ளிகளில், மற்ற நாட்களில் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு வாத்தியாரம்மாதான் வைத்தியர். லாஸ் ஏஞ்சலிஸில் எல்லாப் பள்ளிகளுக்கும் வாரம் முழுவதும் நர்ஸ் என்று ஒப்பந்தமாயிற்று. சிகாகோவில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நர்ஸும் ஒரு சமூகநல ஊழியரும் படிப்படியாகப் போடப்படுவர் என்று எழுத்தில் வாங்கினார்கள். அதே சிகாகோவில்தான் கெல்லி படியேறி இறங்கினார். குழந்தைகளின் வைத்தியம் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக ஏறியது சாமானிய விஷயமல்ல.

இப்போது அந்த நாற்காலிக்கு வருபவரின் மேஜைமேல் கிடப்பது 2025 ஜூலை 4-ம் தேதி ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம். வசதி படைத்தோருக்கு 2017-ல் கொடுத்த வரிச்சலுகைகளை அது நிரந்தரமாக்கிற்று. மெடிக்கெய்டிலோ பத்து வருஷத்தில் 90,000 கோடி டாலருக்கு மேல் வெட்டிற்று. 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடுதலாக இன்ஷூரன்ஸ் இழப்பார்கள் என்பது காங்கிரஸின் சொந்தக் கணக்கு அலுவலகம் போட்ட மதிப்பீடு. மெடிக்கெய்ட் சீட்டு வேண்டுமானால் வயதுவந்தவர்களில் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாக ருசுக் காட்ட வேண்டும். மாநிலங்கள் இதைத் தொடங்கச் சட்டம் விதித்த கெடு 2027 ஜனவரி 1. குழந்தையைத் தொடவில்லை, பெரியவர்களைத்தான் கேட்கிறோம் என்கிறார்கள். பதின்மூன்று வயதுவரை உள்ள பிள்ளையின் தாய்க்கு விலக்கு உண்டாம். பிள்ளைக்குப் பதினாலு நிரம்பிய அன்று தாய் ருசுக் காட்ட வேண்டும். தாயின் சீட்டுப் போன வீட்டில் பிள்ளையின் சீட்டும் புதுப்பிக்கப்படாமல் போவது அங்கே கண்கூடாகக் கண்ட விஷயம்.

ருசு என்றால் என்ன என்பதை ஆர்க்கன்சா மாநிலம் 2018-லேயே காட்டிவிட்டது. அங்கே இதே விதியைக் கொண்டுவந்தார்கள். வேலை செய்த மணிக்கணக்கைக் கம்ப்யூட்டரில் பதியச் சொன்னார்கள். அந்தக் கம்ப்யூட்டர் வாசல் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும்! சில மாதங்களுக்குள் 18,000 பேருக்கு மேல் சீட்டை இழந்தார்கள். 2019-ல் கோர்ட்டு தடுத்தபின்தான் நின்றது. 2023-ல் கொரோனாக் காலப் பாதுகாப்பு நீங்கியதும் நாடு முழுவதும் இரண்டரைக் கோடிப் பேர் மெடிக்கெய்டிலிருந்து நீக்கப்பட்டார்களே, அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் காகிதக் கோளாறால் நீக்கப்பட்டவர்கள். தகுதி இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவே இல்லை.

ஆகவே, புதிய இயக்குநர் காங்கிரஸ் படிக்கட்டு ஏறுவதை நாம் வேண்டாமென்று சொல்லமாட்டோம். ஏறட்டும், வாதாடட்டும். அன்று மாலையே கிடங்குத் தொழிலாளரிடமும், ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளரிடமும், பள்ளி ஊழியர் யூனியன் கொட்டகைக்கும் போகட்டும். எந்தக் காகிதம், எந்தத் தேதி, எத்தனை மணி, மணிக்கணக்கை மானேஜர் எழுதித் தர மறுத்தால் யாரிடம் போவது என்று அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்லட்டும். தேர்தலைப் பற்றி அவர் வாய் திறக்க வேண்டாம். அதை அவர்கள் பேசிக்கொள்வார்கள். யூனியன்களின் வாயில் அந்தப் பூட்டுக் கிடையாது.